சும்மா பார்க்க வந்தோம்

லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலையில் நடக்கிறவர்களில் நானும் ஒருவன். நடப்பது அரை மணி. பெஞ்சில் உட்கார்ந்து உலகத்தைத் திருத்துவது ஒரு மணி. இந்த விகிதத்தில் எங்கள் கோஷ்டியில் யாருக்கும் தொப்பை குறைந்ததாகச் சரித்திரம் இல்லை.

தீபாவளி கழிந்து அடையாறு நண்பர் ஸ்பெயினிலிருந்து திரும்பி வந்தார். மகள் அங்கே வேலையில் இருக்கிறாள். செல்போனை என் கையில் கொடுத்து, "தள்ளித் தள்ளிப் பாருங்க" என்றார். பார்த்தேன். ஆண்டலூசியா மலைச் சரிவுகளில் சுண்ணாம்பு அடித்த சின்னச் சின்ன ஊர்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பாறை மேல் யாரோ தயிர்சாதத்தைக் கொட்டிவிட்டுப் போனது போல் இருக்கிறது. கிட்டத்தில் போனால் குறுகலான சந்து, ஜன்னலுக்கு ஜன்னல் பூந்தொட்டி. ஒரு காகிதத் துண்டு கீழே கிடையாது.

"ஒரே நாள் ஸார்! காலையில கார்ல கிளம்பினோம். நாலு ஊர் பார்த்தோம். ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துட்டோம். என்ன வெள்ளை, என்ன சுத்தம்! நம்ம ஊர்லயும்தான் மலை இருக்கு, கிராமம் இருக்கு. இப்படி ஒண்ணு காட்டுங்க பார்க்கலாம்."

தி.நகர் ஆடிட்டர் நண்பர் சும்மா இருப்பாரா? "ஜவ்வாது மலைக்குப் போவோம். ஊட்டி, கொடைக்கானல்னா இப்ப இ-பாஸ் எடுக்கணும். இங்கே கேக்க ஆள் கிடையாது. காலையில போய் ராத்திரி வந்துடலாம்" என்றார்.

போனோம். பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தது. அடையாறு நண்பரின் பெரிய காரில் நாலு பேர். விடிகாலை நாலரைக்கு லஸ் கார்னர். ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா டோல்கேட்டுகள். நடுவில் ஒரு ஹைவே ஓட்டலில் பொங்கல், வடை, காபி. ஆரணி, போளூர் வழியாக ஏறி, ஜமுனாமரத்தூர் போய்ச் சேரும்போது பத்தரை. மத்தியானம் இரண்டரைக்குத் திரும்பக் கிளம்பியாக வேண்டும், மலைப் பாதையில் இருட்டக் கூடாது என்று ஆடிட்டர் கணக்குப் போட்டிருந்தார். ஆக, பதினாறு மணி நேரப் பயணத்தில் மலைக்குக் கிடைத்தது நாலு மணி நேரம். அதிலும் ஒரு மணி நேரம் மர நிழலில் வீட்டுப் புளியோதரை. அரை மணி நேரம் யாருக்கு சிக்னல் வருகிறது என்ற ஆராய்ச்சி.

ஸ்பெயினைத் தேடித்தானே போனோம்? ஒரு சின்ன ஊரில் கிடைத்தது. ஓட்டு வீடு. வாசலில் ஒரு அம்மாள், அறுபது வயது இருக்கலாம், வாளியில் சுண்ணாம்பு கரைத்து வைத்துக்கொண்டு முன் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். லேசாக நீலம் கலந்த வெள்ளை. பின்னால் பச்சை மலை, மேலே நீல வானம். "ஸ்டாப், ஸ்டாப்!" என்று கத்தினார் அடையாறு நண்பர்.

இறங்கினோம். படம் எடுக்க ஆரம்பித்தார். வாசலில் ஒரு பிளாஸ்டிக் குடம் இருந்தது, படத்துக்கு இடைஞ்சலாம். "அம்மா, அந்தக் குடத்தைக் கொஞ்சம் நகர்த்துங்களேன்." நகர்த்தினார். "அந்தத் துணியை எடுத்துடுங்களேன்." எடுத்தார். "இப்ப சுவரைப் பார்த்து அடிக்கற மாதிரி நில்லுங்க." அவர் நிஜமாகவே அடித்துக்கொண்டுதான் இருந்தார். அதை நிறுத்திவிட்டு, அடிக்கிற மாதிரி நின்றார்.

எல்லாம் முடிந்த பிறகு மெதுவாகக் கேட்டார்: "எந்த ஆபீஸ்லேந்து வர்றீங்க சார்? ரோடு விசயமா, பட்டா விசயமா?"

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான்தான் சொன்னேன்: "இல்லம்மா. சும்மா பார்க்க வந்தோம்."

"பாத்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, மறுபடி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அதில் கிண்டல் இல்லை, கோபம் இல்லை. வந்த வேலை முடிந்ததா என்று விருந்தாளியைக் கேட்பது போலத்தான் கேட்டார். எனக்கு என்னவோ அன்றைக்கு மிச்ச நேரமெல்லாம் அந்தக் கேள்வி காதிலேயே இருந்தது.

அவர் கேட்டதை யோசித்துப் பாருங்கள். குடத்தை நகர்த்து, துணியை எடு, இப்படி நில் என்று உத்தரவு போடுகிற நாலு பேர் காரில் வந்து இறங்கினால் அவர்கள் யாராக இருக்க முடியும்? ஆபீஸர்களாகத்தான் இருக்க வேண்டும். அதனால்தான் பேசாமல் நகர்த்தியிருக்கிறார். இவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனால் ரோடு வரலாம், பட்டா வரலாம். வந்ததோ நாம்.

நம் வீட்டு வாசலில், மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ, ஒரு கார் நின்று நாலு பேர் இறங்கி, "மாமி, அந்தச் செருப்பு ஸ்டாண்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ, போட்டோவில் விழறது" என்று சொன்னால் என்ன நடக்கும்? அபார்ட்மெண்ட் அசோசியேஷன் அவசரக் கூட்டம் போடும். போலீஸ் வரும். மலையில் மட்டும் நமக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது?

அடையாறு நண்பர் மெச்சிய ஸ்பெயின் கதையையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். அந்த ஊர்க்காரர்கள் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்தது டூரிஸ்ட் வருவான் என்பதற்காக இல்லை. வெயில் தாங்க முடியவில்லை; வெள்ளைச் சுவர் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். கிருமியைக் கொல்லும் குணமும் சுண்ணாம்புக்கு உண்டு. நம் தாத்தா காலத்தில் மயிலாப்பூரிலும் இதே காரணங்களுக்காகத்தான் வருஷா வருஷம் பொங்கலுக்கு முன் வெள்ளையடித்தார்கள். அந்த மலை அம்மாள் அடித்ததும் இதற்குத்தான். அவருக்கும் பொங்கல், அவர் வீடு, அவர் சுவர்.

அந்த வெள்ளை ஊர்களில் ஒன்றின் பெயர் ஹூஸ்கார். இருநூற்றுச் சொச்சம் பேர் வாழும் ஊர். 2011-ல் 'ஸ்மர்ஃப்ஸ்' என்ற நீலக் குள்ளர்கள் படத்துக்கு விளம்பரமாக ஒரு சினிமா கம்பெனி ஊர் முழுக்க நீல பெயிண்ட் அடித்தது. சர்ச்சையும் விடவில்லை. படம் வந்து போன பிறகு மறுபடி வெள்ளையடித்துத் தருவதாகத்தான் பேச்சு. ஆனால் அதற்குள் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. நீலமாகவே இருக்கட்டும் என்று ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். 2017-ல் ராயல்டி தகராறு வந்து, அந்தக் குள்ளர்கள் பெயரையே ஊர் பயன்படுத்த முடியாமல் போயிற்று. பெயர் போய்விட்டது, நீலம் மட்டும் மிச்சம்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஓட்டுதான். நல்லதோ கெட்டதோ, எந்தக் கலர் என்று முடிவு செய்தது அந்த ஊர்க்காரர்கள். ஜவ்வாது மலைக்கு எத்தனை கார் வரலாம், எங்கே நிற்கலாம், அதற்கு என்ன கட்டணம், அந்தப் பணம் எதற்குச் செலவாக வேண்டும் என்று அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களிடம் யாராவது ஓட்டெடுப்பு வைத்ததுண்டா? (மலையாளி என்றால் கேரளா இல்லை ஸார். மலையை ஆள்கிறவர்கள். பெயரில் மட்டும்.)

இப்போது அந்த அம்மாள் கேட்ட ரோடு விஷயத்துக்கு வருகிறேன். அதே ஜவ்வாது மலைத்தொடரின் வேலூர்ப் பக்கம், அணைக்கட்டு தாலுகாவில் அல்லேரி மலை இருக்கிறது. 2023 மே மாதக் கடைசியில் அங்கே ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சரியான ரோடு இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே குழந்தை இறந்துவிட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ், இதற்கு மேல் வண்டி போகாது என்று பாதி வழியில் இறக்கிவிட்டது. அந்தத் தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு பல கிலோமீட்டர் மலையேறி நடந்தாள்.

நீங்களும் படித்திருப்பீர்கள். பேப்பரில் வந்தது, டி.வி.யில் வந்தது. நானும் படித்தேன், 'ச்சே' என்றேன், அடுத்த பக்கம் புரட்டினேன். அதன் பிறகு ரோடு போடும் பேச்சு வேகம் எடுத்தது. காப்புக்காடு, வனத்துறை அனுமதி என்று அதுவரை சொல்லப்பட்ட காரணங்களுக்கெல்லாம் ஒரு குழந்தை செத்த பிறகு வழி தெரிய ஆரம்பித்தது.

படகுத்துறைக்குப் போட்ட தாரை அல்லேரியிலிருந்து திருடினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கணக்கு அவ்வளவு சுலபமானதும் இல்லை. ஆனால் ஒரு மலையை வளர்ப்பது என்று நம் ஊரில் பேச ஆரம்பித்தால் முதலில் என்ன வருகிறது என்று கவனியுங்கள். படகு வரும். பூங்கா வரும். வியூ பாயிண்ட் வரும். கோடை விழா வரும். அதாவது, அங்கே வாழ்கிறவனுக்கு வேண்டியதற்கு முன்னால் அங்கே சும்மா பார்க்க வருகிறவனுக்கு வேண்டியது வந்து நிற்கும். மந்திரி வருகிற நாளில் மட்டும் ரோட்டின் இரண்டு பக்கமும் வெள்ளைப் பவுடரால் கோடு போடுவார்களே, அந்த மாதிரி. சுத்தம் வருகிறவருக்காக, சாக்கடை இருக்கிறவருக்காக.

அந்த ஊரில் இன்னொன்றையும் பார்த்தேன். வீடுகளில் வயதானவர்களும் குழந்தைகளும்தான் கண்ணில் பட்டார்கள். டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "வயசுப் பசங்க எல்லாம் வெளியூர் வேலைக்குப் போயிருக்காங்க சார். சாமை வெளையற காசு எத்தினி மாசத்துக்கு வரும்?" என்றார். 2015 ஏப்ரல் 7-ம் தேதி, ஆந்திராவில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி ஆந்திர போலீஸ் இருபது பேரைச் சுட்டுக் கொன்றது நினைவிருக்கிறதா? செத்தவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. நாம் 'அழகான அமைதி' என்று படம் பிடிக்கிற கிராமம் பல சமயம் ஆள் இல்லாததால்தான் அமைதியாக இருக்கிறது.

"டூரிஸ்ட் வந்தாத்தானே ஸார் அவங்களுக்கும் வருமானம்?" திரும்பும்போது காரில் ஆடிட்டர் கேட்டார். நல்ல கேள்வி. "நீங்களே கணக்குப் போடுங்கள்" என்றேன். தொழில் தர்மம், போட்டார். டீசல், டோல், போகும்போது டிபன், வரும்போது டிபன் என்று ஐயாயிரத்துச் சொச்சம் வந்தது. அதில் மலையில் செலவானது? நாலு டீ அறுபது ரூபாய். ஒரு கிலோ சாமை நூற்றுப் பத்து. மொத்தம் 170 ரூபாய். சாமைக்குக் கிழவர் கேட்டது நூற்று முப்பது. அதில் இருபது ரூபாயைப் பேசிக் குறைத்த பெருமையும் ஆடிட்டருக்கே சேரும். அதே சாமையை தி.நகர் ஆர்கானிக் கடையில் ஸ்டிக்கரில் போட்டிருக்கிற விலைக்கு வாய் திறக்காமல் வாங்குகிறவர் அவர். பணம் மலையில் தங்கவில்லை. தங்கியது பிஸ்கட் கவரும் தண்ணீர் பாட்டிலும்தான். எங்கள் காரில் வந்தவை இல்லை. ஆனால் எங்களைப் போல யாரோ கொண்டுவந்தவை.

அடுத்தது இந்த இ-பாஸ். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. நீலகிரிக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 20 ஆயிரம் வண்டிகள் வருகின்றன என்ற கணக்கு அப்போதுதான் கோர்ட்டில் வெளியே வந்தது. 2025-ல் ஏப்ரல் முதல் ஜூன் வரை எண்ணிக்கையும் கட்டினார்கள். நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உடனே எங்கள் பூங்கா பெஞ்சில் ஒரே கொந்தளிப்பு. "எமர்ஜென்சியா இது? நம்ம ஊர்ல நாம போறதுக்கு பாஸா?"

அதே பெஞ்சுதான், 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் கார்களைக் குறைத்து அகலமான நடைபாதை திறந்தபோது கை தட்டியது. "வெளிநாடு மாதிரி இருக்கு ஸார், நிம்மதியா நடக்க முடியறது" என்றது. அதே பெஞ்சுதான், அறுபத்துமூவர் சமயத்தில் மாட வீதிப் பக்கம் வெளியூர்க் கார்கள் வந்து நம் வீட்டு கேட்டை அடைத்து நின்றால் கமிஷனருக்கு மனு எழுதுகிறது. நம் தெருவுக்குள் அடுத்தவன் கார் வந்தால் தொல்லை. அடுத்தவன் மலைக்குள் நம் கார் போனால் அடிப்படை உரிமை!

இன்னொரு விஷயமும் அந்தப் பெஞ்சில் யாரும் சொல்வதில்லை. அரசு பஸ்ஸில் போனால் இ-பாஸ் கிடையாது. ரயிலில் போனாலும் கிடையாது. உள்ளூர்க்காரர்களுக்கும் கிடையாது. ஆகவே மனிதர்களை யாரும் தடுக்கவில்லை. தடுப்பது ஒன்றரை டன் இரும்பை. நாலு பேரின் இடுப்பைச் சுமப்பதற்காக மலை மேல் ஏறுகிற இரும்பு. அதையும் பொறுக்க முடியாமல், பாஸ் கேட்காத அடுத்த மலை எது என்று தேடுகிறோம். ஊட்டியை முடித்தோம். கொடைக்கானலை முடித்தோம். ஜவ்வாதுக்கு வந்திருக்கிறோம். ஆடிட்டர் சொன்னாரே, 'கேக்க ஆள் கிடையாது' என்று. ஒரு மலையின் தகுதி இதுதான் என்றால், அந்த மலைக்காக யார் கேட்பது?

"அப்ப யாரும் எங்கேயும் போகவே கூடாதா? வீட்லயே உட்கார்ந்து டி.வி. பாக்கணுமா?" என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். போகக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. மலையைப் பார்க்காமல் செத்துப்போகச் சொல்ல நான் யார்? எப்படிப் போவது என்பதுதான் கேள்வி.

ஒன்று, காரை அடிவாரத்தில் விடுங்கள். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு பஸ் போகிறது. "எப்பவோ ஒண்ணு வருது ஸார், கூட்டம்" என்பீர்கள். அதுதான் விஷயமே. நீங்களும் நானும் அந்த பஸ்ஸுக்காக ஒரு நாள் வெயிலில் காத்திருந்தால் பஸ் கூடும். மலைக்காரர்கள் எத்தனை வருஷம் காத்திருந்தாலும் கூடாத பஸ், மயிலாப்பூர்க்காரர்கள் நாலு பேர் 'ஆசிரியருக்குக் கடிதம்' எழுதினால் கூடும். இது நியாயம் இல்லை. ஆனால் நிலைமை இதுதான். அந்தச் செல்வாக்கை நல்ல காரியத்துக்கு ஒரு தடவை செலவு செய்யுங்கள்.

இரண்டு, ஒரு ராத்திரியாவது தங்குங்கள். அதே ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1986-ல் அங்கே திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு வைணு பாப்பு பெயர் வைத்திருக்கிறார்கள். நகர வெளிச்சம் படாத இருட்டும் தெளிவான வானமும் வேண்டும் என்றுதான் விஞ்ஞானிகள் அந்த இடத்துக்குப் போனார்கள். அந்த மலையின் பெரிய சொத்தே அதன் ராத்திரி. இரண்டரை மணிக்கு ஓடி வந்த நாங்கள் அதைப் பார்க்கவே இல்லை. தங்கினால் அங்கே சாப்பிடுவீர்கள். சாப்பிட்டால் பணம் அங்கே தங்கும். கேட்ட விலைக்கு சாமை வாங்கினால் இன்னும் கொஞ்சம் தங்கும்.

மூன்று, இது அரசாங்கத்துக்கு. மலை ஏறுகிற ஒவ்வொரு வெளியூர்க் காருக்கும் கட்டணம் போடுங்கள். நூறு ரூபாய் இல்லை, உறைக்கிற மாதிரி. அந்தப் பணம் நேராக அந்த மலை ஊராட்சிக்குப் போகட்டும். அதில் படகு வாங்கக் கூடாது. கடைசிக் குடிசை வரை வண்டி போகிற பாதை, பாம்புக்கடிக்கு மருந்து இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையம், ராத்திரியிலும் ஆள் இருக்கிற ஆம்புலன்ஸ். இவை முடிந்த பிறகு வியூ பாயிண்ட் கட்டுங்கள், யார் வேண்டாம் என்றது? முதலில் ஆம்புலன்ஸ் போகட்டும். அதன் பின்னால் நம் கார் போகலாம்.

இதைப் படித்துவிட்டு அடையாறு நண்பர் என்னோடு நாலு நாள் பேச மாட்டார். பரவாயில்லை. அவர் அன்றைக்கு எடுத்த படம் நிஜமாகவே அழகான படம். பெரிதாக்கி, சட்டம் போட்டு, வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். வெள்ளைச் சுவர், பச்சை மலை, கையில் மட்டையோடு ஒரு அம்மாள். குடம் இல்லை, துணி இல்லை. போன வாரம் காபிக்குப் போனபோது அவர் மருமகள் கேட்டாள்: "இது ஸ்பெயின்ல எடுத்ததா மாமா?"

நண்பருக்கு முகமெல்லாம் பூரிப்பு. அவ்வளவு சுத்தமாக எடுத்திருக்கிறார், நம் ஊர் என்றே தெரியவில்லை.

எனக்கு அந்தப் படத்தில் தெரிவது வேறு. நகர்த்தி வைத்த குடம் தெரிகிறது. ரோடு விஷயமாக ஆபீஸர் வந்திருக்கிறார் என்று நம்பி, சொன்னபடியெல்லாம் நின்ற ஒரு பெண் தெரிகிறாள். அடுத்த சனிக்கிழமை விடிகாலை நாலரைக்கு நீங்கள் உங்கள் காரை எடுப்பதற்கு முன், அவர் கேட்டதை உங்களிடமும் கேட்டு வைக்கிறேன்.

எந்த விஷயமாப் போறீங்க ஸார்?